கோடு கீறிய எண்

செவன் ஹில்ஸ், சிட்னி
9 பெப்ரவரி 1976

திரு. வரதராஜா அவர்களுக்கு,

இந்திரகுமாரின் மனைவி சந்திரவதனா எழுதுகிறேன். இவர் போன நவம்பரில் காலமானது உங்களுக்குத் தெரியும். மலர்வளையம் அனுப்பியிருந்தீர்கள், ஆள் வரவில்லை. அது உங்கள் மனச்சாட்சியின் பாடு. நான் எழுத வந்தது வேறு விஷயம்.

உங்கள் பழைய படைத்துவக்குச் சேகரிப்போர் சங்கம் இருபதாம் ஆண்டுப் புத்தகம் போடுகிறதாம். இதுவரை காட்சிக்கு வந்த துவக்குகளெல்லாம் படத்தோடு வருமாம். காலமானவர்களின் குடும்பத்துக்கு முன்கூட்டிக் காட்டுவது மரியாதை என்று செயலாளர் எனக்கு ஒரு பக்கத்தை அனுப்பியிருக்கிறார். இவருடைய ரஷ்யத் துவக்கின் படத்துக்குக் கீழே இருப்பது இதுதான்: "ரஷ்யத் துப்பாக்கி. போல்டிலுள்ள எண் வீட்டில் அராவிக் குத்தப்பட்ட போலி. 1973 காட்சியில் நிராகரிக்கப்பட்டது. கொண்டுவந்தவர் இந்திரகுமார், சிட்னி." குறிகளைப் பரிசீலித்தவர் என்று உங்கள் பெயர் போட்டிருக்கிறது.

ஆக, என் மனுசன் கள்ளன் என்று அச்சடிக்கப் போகிறீர்கள். அதுவும் அவர் எழும்பி வந்து மறுத்துச் சொல்ல முடியாத நேரம் பார்த்து.

நீங்கள் இருவரும் பரமட்டாவில் ஒரே அறையில் இருந்து, ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டுப் படித்தவர்கள். அந்தக் காட்சிக்குப் பிறகு ஏன் பேசாமல் விட்டீர்கள் என்பது இன்றைக்குத்தான் எனக்கு விளங்குகிறது. கேட்டபோதெல்லாம் இவர், "விடப்பா, அது துவக்குக்காரரின்ரை சண்டை" என்று மழுப்பிவிடுவார்.

புத்தகம் ஜூன் முடிவில் அச்சுக்குப் போகிறதாம். அதற்குள் அந்த வரி போக வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கிறவள். நுணுக்குக்காட்டியில் ஒன்றைப் பார்த்துவிட்டுச் சொன்னால், எதைப் பார்த்துச் சொன்னேன் என்று காட்டத் தெரியும். நீங்கள் எதைப் பார்த்துச் சொன்னீர்கள்?

சந்திரவதனா இந்திரகுமார்


புட்ஸ்கிறே, மெல்பேர்ண்
17 பெப்ரவரி 1976

தங்கச்சி சந்திரவதனாவுக்கு,

கோபத்தில் எழுதிய கடிதத்துக்குக் கோபமில்லாமல் பதில் எழுதப் பார்க்கிறேன். முதலில் ஒன்று. செத்தவீட்டுக்கு வர வெளிக்கிட்டு ஸ்டேஷன் வரை போனேன். டிக்கற்றும் எடுத்தேன். பிறகு என்ன முகத்தோடு உம்முடைய வீட்டுப் படியேறுவது என்று யோசித்துத் திரும்பி வந்துவிட்டேன். இது சாட்டு இல்லை, நடந்தது.

இனி நீர் கேட்டது. இந்த ரஷ்யத் துவக்குகளில் குழல் கட்டையோடு சேரும் இடத்தில் குறிகள் இருக்கும். நட்சத்திரத்துக்குள் அம்பு என்றால் தூலா என்ற ஊர்த் தொழிற்சாலை. முக்கோணத்துக்குள் அம்பு என்றால் இஷெவ்ஸ்க். அதற்குக் கிட்ட வருடமும், ரஷ்ய எழுத்து இரண்டோடு துவக்கின் எண்ணும் இருக்கும். அதே எண், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளுகிற போல்டிலும், தோட்டாப் பெட்டியின் அடித்தட்டிலும், தோளில் வைக்கும் கட்டையின் அடியிலுள்ள இரும்புத் தட்டிலும் இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒன்றே என்றால் அது பிறந்த அன்றையிலிருந்து பிரியாத துவக்கு. சேகரிப்பவர்கள் உயிரை விடுவது அதற்குத்தான்.

குமார் தன்னுடையதை அப்படிப்பட்ட துவக்குகளின் பிரிவில்தான் காட்சிக்குக் கொண்டுவந்தான். நான் போல்டைக் கையில் எடுத்தேன். எண்ணுக்குக் கீழே அரம் போட்ட கீறுகள் தெரிந்தன. பழைய எண்ணை யாரோ அராவிவிட்டு, குழலிலுள்ள எண்ணை அந்த இடத்தில் குத்தியிருக்கிறார்கள். துவக்கு பொய் சொல்லாது, வைத்திருக்கிறவன்தான் சொல்லுவான்.

சபையில் வைத்து, "குமார், இது ஆற்றை வேலை, ஆர் செய்தது?" என்று கேட்டேன். அவன் வாயே திறக்கவில்லை. துவக்கைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான். செய்யாதவன் என்றால் கத்தியிருக்க மாட்டானா? என்னை அடித்திருந்தால்கூட நம்பியிருப்பேன்.

வரதராஜா


செவன் ஹில்ஸ்
29 பெப்ரவரி 1976

திரு. வரதராஜா அவர்களுக்கு,

அலுமாரியைத் திறந்து துவக்கை எடுத்தேன். லைசன்ஸ் என் பெயருக்கு மாற்றியாயிற்று, பயப்பட வேண்டாம். போல்டைக் கழற்ற ஒரு பின்னேரம் போய்விட்டது. பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தேன், இரண்டு கையாலும் இழுத்தேன், ஒரு காலைச் சுவரில் வைத்தும் இழுத்தேன். விசையை அமத்திக்கொண்டு இழுத்தால் தானாகக் கையில் வந்து விழுகிறது. இதை நீங்கள் எழுதியிருக்கலாம்.

உங்கள் நட்சத்திரம் இருக்கிறது, அம்பும் இருக்கிறது. வருடம் 1939. எழுத்து இரண்டில் ஒன்று கூரை போட்ட வீடு போல, மற்றது காலை விரித்துக் கிடக்கும் வண்டு போல. எண் 4714. சின்னப்பிள்ளைகள் காசு உரைப்பது போல மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் உரைத்து எடுத்தேன். குழலின் எண் ஒரு கடதாசியில், போல்டின் எண் மற்றதில். இரண்டும் இதோடு இருக்கின்றன.

போல்டில் அரம் போட்ட கீறுகள் இருக்கின்றன. என் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அரத்தைப் பிடித்த கை இவருடையது என்று எந்தக் கீறு சொல்கிறது? கராஜை முழுவதும் கிண்டிப் பார்த்தேன். எண் குத்துகிற அச்சு ஒன்றுகூட இல்லை. குமார் என்றொரு மனுசன் படம் மாட்ட ஆணி அடித்தாலே பெருவிரலில்தான் அடிப்பார். அவரா இவ்வளவு நேராக எண் குத்தினார்?

நீங்கள் ஒருவரோடு இத்தனை வருடம் சட்டி பகிர்ந்திருக்கிறீர்கள். ஒரு கீறலைப் பார்த்ததும் அதெல்லாம் போய்விட்டதா என்று எனக்கு ஆத்திரம் வருகிறது. அதை ஒளிக்கப் போவதில்லை.

சந்திரவதனா


புட்ஸ்கிறே
10 மார்ச் 1976

தங்கச்சிக்கு,

உரைத்த கடதாசிகள் நன்றாக வந்திருக்கின்றன. எங்கள் சங்கத்தில் பத்து வருடம் இருக்கிறவர்களுக்கும் இப்படி வராது. ஆனால் கடதாசியில் வராத ஒன்று இருக்கிறது. அதை உமக்கு எழுதாமல் விட்டது உம்முடைய மனம் நோகும் என்றுதான். கேட்கிறபடியால் எழுதுகிறேன்.

அரம் மட்டும் என்றால் நான் யோசித்திருப்பேன். இந்தத் துவக்குகளுக்கு ஒரு கறுப்புப் பூச்சு உண்டு. இத்தனை வருடம் கழித்தும் அது ஓரங்களில் தேய்ந்து, நடுவில் அப்படியே இருக்கும். குமாரின் போல்டில் பூச்சின் பொட்டுக்கூட இல்லை. புதுச் சில்லறைக்காசு போலப் பளபளவென்று இருந்தது. அராவினால் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். அது தெரியக்கூடாது என்று முழுவதையும் மினுக்கிவிடுவார்கள். களவெடுத்தவன் காலடி தெரியாமல் முற்றம் முழுவதையும் கூட்டிவிட்டுப் போவது மாதிரி. நான் பிடித்ததே அந்தப் பளபளப்பால்தான்.

தோட்டாப் பெட்டியின் அடித்தட்டையும் பாரும். அதுவும் மினுங்கினால் நான் சொன்னது சரி.

செயலாளரோடு கதைத்து, பெயரை எடுத்துவிட்டு "சிட்னி அங்கத்தவர் ஒருவர்" என்று மட்டும் போடச் சொல்லலாம். என்னால் அவ்வளவுதான் முடியும். குறி பார்க்கிறவன் என்று சபை எனக்கு ஒரு கதிரையும் பதவியும் தந்திருக்கிறது. அதில் இருந்துகொண்டு சிநேகிதனுக்கு ஒரு நீதி, மற்றவனுக்கு ஒரு நீதி சொல்ல ஏலாது.

வரதராஜா


செவன் ஹில்ஸ்
16 மார்ச் 1976

திரு. வரதராஜா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் வாசித்தேன். வாசித்துவிட்டு இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் பஸ் போன இடமெல்லாம் போனேன்.

மினுக்கியது நான்.

1973 ஒக்டோபரில் ஆயுதபூசை வந்தது. ஊரில் என்றால் அரிவாள், மண்வெட்டி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் கழுவி மினுக்கிச் சாமிக்கு முன் வைப்போம். இங்கே என்னிடம் என்ன இருக்கிறது? என்னுடைய தையல் மெஷினும் இவருடைய ஸ்பானரும். அப்போது அலுமாரியில் ஒரு ஆயுதம், உண்மையான ஆயுதம், கரி பிடித்த சட்டி மாதிரி நிற்பது கண்ணில் பட்டது. அதை அழுக்கோடு எப்படிச் சாமிக்கு முன் வைப்பது? போல்ட் அன்றைக்குத் தனியே கழற்றி வைத்திருந்தது. பழப்புளி கரைத்து, இறைச்சி சுடுகிற பாபகியூச் சாம்பல் போட்டு, சட்டி உரஞ்சுகிற கம்பி நாரால் உரஞ்சினேன். அந்தக் கறுப்பு லேசில் போகவில்லை. அது பூச்சு என்று எனக்கு ஆர் சொன்னது? போகும்வரை உரஞ்சினேன். உங்கள் அடித்தட்டையும் விடவில்லை. பிறகு சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு செவ்வரத்தம்பூவும் வைத்தேன்.

இவர் வேலையால் வந்து சாமியறை வாசலில் நின்று பார்த்தார். முகம் ஒரு மாதிரிப் போனது. நான் பசி என்று நினைத்தேன். "எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன். "வடிவாய் இருக்கு, வதனா" என்றார். அடுத்த மாதம் உங்கள் காட்சிக்குப் போகப் பின்னடித்தார். இவ்வளவு மினுக்கி வைத்திருக்கிறேன், கொண்டுபோய்க் காட்டுங்கோ என்று நான்தான் பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

இதற்காக நான் வெட்கப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆயுதம் வீட்டிலிருந்தால் ஆயுதபூசைக்கு மினுக்கத்தான் செய்வேன். வெட்கப்பட வேண்டியவர் பளபளப்பைக் கண்டதும் களவு என்று சொன்னவர். இப்போது அந்த வரியை எடுங்கள்.

சந்திரவதனா


புட்ஸ்கிறே
30 மார்ச் 1976

தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். நீர் எழுதியதை வாசித்து முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

நான் உம்மை நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கை சபையில் செல்லாது. ஆயுதபூசை என்றால் என்ன என்று அவர்களுக்கு நான் விளங்கப்படுத்த வேண்டும். விளங்கினாலும், மனுசனைக் காப்பாற்ற மனுசி சொல்லுகிற கதை என்பார்கள். ஒரு அவுஸ்திரேலியன் தன் துவக்குக்குப் பொட்டு வைத்தேன் என்று வந்து சொன்னால் நானும் அப்படித்தான் நினைப்பேன்.

அதைவிட ஒன்று. பழப்புளி பூச்சை எடுக்கும், அரம் போடாது. பளபளப்புக்கு நீர் பொறுப்பு. கீறுக்கு ஆர்? அந்தக் கேள்வி இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. இப்படிக் கேட்பது எனக்குச் சந்தோஷம் என்று நினைக்க வேண்டாம். குமாரை நான் தம்பி என்றுதான் வைத்திருந்தேன்.

ஒரு வழி இருக்கலாம். அந்தத் துவக்கில் உம்முடைய கை படாத இரும்பு ஏதாவது மிச்சம் இருக்கிறதா? பழைய பூச்சு அப்படியே இருக்கும் இடம்?

வரதராஜா


செவன் ஹில்ஸ்
11 ஏப்ரல் 1976

வரதராஜா அண்ணைக்கு,

இருக்கிறது. கட்டையின் அடியில் இவர் ஒரு ரப்பர் உறை மாட்டியிருந்தார், சுடும்போது தோள் நோகிறது என்று. அது இரும்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தபடியால் பூசைக்கு நான் அதைத் தொடவில்லை. இன்றைக்கு ஆஸ்பத்திரிப் பிளேட்டால் வெட்டிக் கழற்றினேன். உள்ளே இரும்புத் தட்டு, கறுப்புப் பூச்சோடு.

அதில் இரண்டு எண் இருக்கிறது. ஒன்று 2083. அதற்குக் குறுக்கே ஒரு கோடு கீறியிருக்கிறது. பக்கத்தில் 4714 குத்தியிருக்கிறது.

போல்டிலாவது பழைய எண் தெரியவில்லை. இதில் அழித்ததும் தெரிகிறது, புதிது போட்டதும் தெரிகிறது. இதை உரைத்து எடுத்த கடதாசியை மடித்து அடுப்பில் போட்டால் ஒருவருக்கும் தெரியாது என்று ஒரு யோசனை வந்தது உண்மை. ஆனால் ஆய்வுகூடத்தில் பிடிக்காத முடிவு வந்தது என்று நாங்கள் இரத்தத்தை ஊற்றிவிடுவதில்லை. இவருக்கு எதிராக வந்தாலும் வரட்டும், முழுவதையும் பார்ப்போம் என்று ஆஸ்பத்திரி உருப்பெருக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து பார்த்தேன்.

பார்த்ததைச் சொல்கிறேன். குறுக்குக் கோட்டின் பள்ளத்துக்குள்ளும் கறுப்புப் பூச்சு இருக்கிறது. 4714 என்ற எண்ணின் பள்ளத்துக்குள்ளும் இருக்கிறது. கோடு கீறி, எண் குத்தி, அதற்குப் பிறகுதான் கறுப்பு அடித்திருக்கிறார்கள். கராஜுக்குள் கள்ளவேலை செய்கிறவனிடம் அந்தப் பூச்சு எங்கே இருக்கிறது?

இன்னொன்று. இந்தத் தட்டிலுள்ள 4 என்ற இலக்கத்தின் கால் நுனி உடைந்திருக்கிறது, இரண்டு நாலிலும். போல்டில் எடுத்த கடதாசி உங்களிடம் இருக்கிறது. எடுத்துப் பாருங்கோ. அதிலும் நாலின் கால் உடைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தால் இரண்டையும் குத்தியது ஒரே அச்சு.

சந்திரவதனா


புட்ஸ்கிறே
6 மே 1976

தங்கச்சி சந்திரவதனாவுக்கு,

பதில் பிந்திவிட்டது. உம்முடைய கடிதம் கிடைத்த அன்றே போல்டின் கடதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாலின் கால் உடைந்துதான் இருக்கிறது. குழலிலுள்ள நாலில் உடைவு இல்லை. அது தொழிற்சாலையில் குத்தியது, மற்ற இரண்டும் பிறகு வேறொரு இடத்தில் குத்தியவை.

அது எந்த இடம் என்று தெரியாமல் உமக்கு எழுத மனம் வரவில்லை. இங்கே ஜீலோங்கில் ஒருவரிடமும், டண்டினோங்கில் ஒருவரிடமும் இதே மாதிரித் துவக்குகள் இருப்பது தெரியும். இரண்டு வீட்டுக்கும் போய்க் கட்டையின் அடியைப் பார்த்தேன். இரண்டிலும் பழைய எண்ணுக்குக் கோடு கீறி, பக்கத்தில் புது எண் குத்தி, மேலே கறுப்புப் பூச்சு. ஒன்றின் போல்டில் பழைய எண்ணை அராவியே எடுத்திருக்கிறார்கள், உங்களுடையதைப் போலவே. பூச்சு இருந்தபடியால் அரம் போட்டது கண்ணுக்குத் தெரியவில்லை. சொந்தக்காரருக்கே தெரியாது. நான் காட்டினேன்.

இப்போது விளங்குகிறது. போர் முடிந்து துவக்குகள் படைப் பட்டறைக்குத் திரும்பி வந்தபோது, ஒன்றின் போல்டையும் இன்னொன்றின் தட்டையும் சேர்த்துப் பூட்டி, குழலின் எண்ணையே எல்லாவற்றிலும் குத்தியிருக்கிறார்கள். அது அவர்களுடைய வழமை. குமாரின் துவக்குப் பிறந்த நாள் முதல் பிரியாத துவக்கு இல்லை, அந்தப் பிரிவுக்கு அது வராது. அது அவனுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவன் அராவவுமில்லை, குத்தவுமில்லை. நீர் பூச்சை எடுத்தபடியால், மற்றத் துவக்குகள் மறைத்து வைத்திருப்பதை அந்தத் துவக்கு வெளியே காட்டிக்கொண்டு நின்றது. நான் அதைப் பார்த்துக் கள்ளன் என்றேன்.

அன்றைக்கு ரப்பர் உறையைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். போல்டைக் கண்டதும், கண்டுபிடித்துவிட்டேன் என்ற எடுப்பு எனக்கு. மற்றதைப் பார்க்கப் பொறுமை இல்லை.

செயலாளரோடு கதைத்துவிட்டேன். அந்தப் பக்கம் புத்தகத்தில் வராது. படமும் வராது. ஒருவருக்கும் தெரியாமல் அமைதியாக முடிந்துவிடும். இனி நீர் ஆறுதலாக இருக்கலாம்.

வரதராஜா


செவன் ஹில்ஸ்
12 மே 1976

வரதராஜா அண்ணைக்கு,

நீங்கள் ஜீலோங் வரை போனதற்கு நன்றி. மனதாரச் சொல்கிறேன். ஆனால் ஆறுதலாக இருக்கமாட்டேன்.

சபையில் வைத்துச் சொன்னதை அறைக்குள் வைத்து எடுக்க முடியாது. இவரைக் கள்ளன் என்றது ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன். அவர்கள் எல்லோரும் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது பக்கத்தையும் எடுத்துவிட்டால், சாட்டிய குற்றம் பிழை இல்லை, அப்படியொரு மனுசனே இருந்ததில்லை என்றாகிவிடும். எனக்கு அந்தப் பக்கம் வேண்டும். படம் வேண்டும். பெயர் வேண்டும். கீழே வருகிற வரி மட்டும் உண்மையாக இருக்க வேண்டும்.

ஜூன் 19ஆம் திகதி உங்கள் பொதுக்கூட்டம் என்று செயலாளரின் கடிதத்தில் இருக்கிறது. நான் வருகிறேன். துவக்கையும் கொண்டுவருகிறேன், பொலிசில் கேட்டு வைத்துவிட்டேன். நீங்கள் எழும்பி, எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். உங்கள் கதிரைக்கு என்ன ஆகும் என்று யோசிப்பீர்கள். யோசியுங்கோ. பிழை என்று தெரிந்த பிறகும் வாய் திறக்காதவர் இருக்கிற கதிரைக்கு என்ன மரியாதை என்றும் சேர்த்து யோசியுங்கோ.

நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன். என் இங்கிலீஷ் உங்களுடையதைப் போல இல்லை. ஆனால் சத்தமாக வரும்.

ரயில் காலமை வந்து சேரும். ஸ்டேஷனுக்கு வருவீர்களோ, விடுவீர்களோ, அது உங்கள் விருப்பம்.

சந்திரவதனா


புட்ஸ்கிறே
25 ஜூன் 1976

அன்புள்ள தங்கச்சி சந்திரவதனாவுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர் என்று நம்புகிறேன். என் மனுசி இராஜேஸ்வரி கட்டித் தந்த இடியப்பம் ரயிலில் பழுதாகாமல் இருந்ததா என்று கேட்கச் சொல்கிறாள். நீர் வந்து நின்ற அந்த இரண்டு நாளும் வீட்டில் ஒரு கலகலப்பு இருந்தது என்கிறாள். அதில் பாதி உம்முடைய அதட்டல் என்று நான் சொன்னேன்.

செயலாளர் திருத்திய வரியை இன்றைக்கு அனுப்பியிருக்கிறார். "படைப் பட்டறையில் எண் மாற்றப்பட்டது. 1973இல் தவறாக நிராகரிக்கப்பட்டது. பூச்சு நீங்கியது, உரிமையாளரின் மனைவி இந்து சமய வழிபாட்டுக்காகத் துலக்கியதால். இந்திரகுமார், சிட்னி." 'தவறாக' என்ற சொல்லை நான்தான் போடச் சொன்னேன். குறிகளைப் பரிசீலித்தவர் என்று என் பெயரை அடியில் விடச் சொல்லியும் கேட்டேன். என் பிழை என் பெயரோடு இருக்கட்டும்.

கூட்டத்தில் எழும்பி எல்லோருக்கும் கேட்க என் பிழையைச் சொல்வது பெரிய கஷ்டம் என்று நினைத்திருந்தேன். சொல்லத் தொடங்கிய பிறகு அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. உரைத்த கடதாசிகள் கை மாறிப் போனதைப் பார்த்தீர்தானே? கூட்டம் முடிந்து நாலு பேர் வீட்டுக்குப் போய்த் தங்கள் துவக்குகளின் அடியைப் பார்த்துவிட்டு எனக்கு ரெலிபோன் எடுத்தார்கள். ஒருவருக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லையாம்.

ஒன்று மட்டும் என் மனதில் கிடக்கிறது. முன் வரிசையில் இருந்த அந்தக் கிழவர், கொரியாவுக்குச் சண்டைக்குப் போய் வந்தவர், கேட்டாரே: "இதுதான் நடந்தது என்றால், அந்த மனுசன் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே. என்னுடைய மனைவி மினுக்கினாள் என்று ஒரு சொல் போதுமே. ஏன் சொல்லவில்லை?" நான் உம்மைப் பார்த்தேன். அதுவரை நிமிர்ந்திருந்த நீர் குனிந்துகொண்டீர். உமக்குத் தெரியும் என்று எனக்குப் பட்டது.

நான் கேட்க உரிமை உள்ளவன் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். என் சிநேகிதன் அன்றைக்கு என்ன நினைத்துக்கொண்டு அந்த மண்டபத்தை விட்டுப் போனான் என்று அறியாமல் எனக்கு நித்திரை வராது.

வரதண்ணை


செவன் ஹில்ஸ்
4 ஜூலை 1976

அன்புள்ள வரதண்ணைக்கு,

இடியப்பம் ரயில் வெளிக்கிடமுன்னமே முடிந்துவிட்டது. பக்கத்துச் சீட் வெள்ளைக்காரக் கிழவிக்கும் கொடுத்தேன், சம்பலோடு. அவ தண்ணீர் தேடி ஓடினா. ராஜேஸ் அக்காவுக்குச் சொல்லுங்கோ.

வரி எனக்குச் சம்மதம். அச்சடிக்கச் சொல்லி, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே செயலாளருக்கு எழுதிவிட்டேன். புத்தகம் வந்ததும் எனக்கு ஐந்து பிரதி வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு மாமிக்கு ஒன்று அனுப்ப வேண்டும். ஒன்றும் விளங்காது, ஆனால் மகனின் பெயரைத் தடவிப் பார்ப்பா.

கிழவர் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். அங்கே சொல்லாதது பயத்தில் இல்லை. அது அந்த மண்டபத்துக்குச் சேராது. உங்களுக்குச் சொல்கிறேன், உங்களோடு நிற்கட்டும்.

அந்தக் காட்சி முடிந்து இவர் வீடு வந்த அன்று பின்னேரம் நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். வேட்டியில் சுற்றிய துவக்கை வாங்கிக்கொண்டு, "சனம் என்ன சொன்னது?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அந்தப் போல்டைத்தான் பாத்தவை" என்றார். "கையில எடுத்து எடுத்துப் பாத்தவை. வரதன் எல்லாருக்கும் முன்னால எழும்பி, இது ஆற்றை வேலையெண்டு கேட்டவன்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. சொன்னா, எல்லாற்றை மனிசிமாரும் வந்து உன்னைப் பிடிச்சுப்போடுவினம், எங்கடையையும் மினுக்கித் தா எண்டு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று ஆட்டிறைச்சிக் கறி வைத்தேன். இவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். பொய் ஒன்றுமே சொல்லவில்லை, பாருங்கோ. நடந்ததைத்தான் சொன்னார்.

அடுத்த வருடம் ஆயுதபூசை வந்தது. பொருள் பெயர் பெற்றுவிட்டதே என்று நான் இன்னும் மும்முரமாக இருந்தேன். போன தரம் விட்ட மூலையெல்லாம் இம்முறை எடுத்துவிடுகிறேன் என்று குசினியில் அடுப்புக்கு முன்னால் பழைய பேப்பர் விரித்து, போல்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வேண்டாம் என்று இவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அலுமாரியைப் பூட்டித் திறப்பை ஒளித்து வைத்திருக்கலாம். இவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். அன்றைக்குப் பழப்புளி கரைத்துத் தந்தது இவர்தான்.

சந்திரவதனா